தூங்கும் எழுபது குதிரைகள்

ஞாயித்துக்கிழமை காலையில அந்த மூடிக்கிடக்கிற பஞ்சாலை மைதானத்துக்கு நீங்க வந்திருக்கணும். வந்திருந்தா, மனுஷனுக்கு மூளைன்னு ஒண்ணு எதுக்கு இருக்குங்கிற சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும்.

வரிசையா கார்கள். சின்ன கார், பெரிய கார், மாமனார் வாங்கிக் கொடுத்த கார், கடன் இன்னும் முடியாத கார். எல்லாம் பானெட்டைத் தூக்கிக்கிட்டு, பல் டாக்டர் முன்னால வாயைப் பிளந்த மாதிரி நிக்குது. ஒவ்வொரு கார் பக்கத்துலயும் அதை ஓட்டிட்டு வந்தவர். கையில துடைக்கிற துணி. முகத்துல அப்படி ஒரு பக்தி!

எதிர்ல பழைய டயர்களை அடுக்கி ஒரு மேடை. மேடை மேல ஒருத்தர். தாடி கிடையாது, காவி கிடையாது, கமண்டலம் கிடையாது. காலம் மாறிப் போச்சுங்க. இப்போ மெக்கானிக் போடுற நீலச் சட்டை, நீல பேன்ட். அதுல ஒரு பொட்டு எண்ணெய்க் கறை இல்லை. அதைப் பார்த்த உடனேயே யோசிச்சிருக்கணும். யோசிக்கிற ஆளு அங்க எதுக்கு வரப்போறான்?

அவருக்கு அப்பா அம்மா வச்ச பேர் என்னவோ, ஊர் வச்ச பேர் குதிரைசக்தியார்.

"உங்க வண்டிக்குள்ள எத்தனை குதிரை?" மைக்ல கேட்டார்.

"நூறு!" கூட்டம் கத்துச்சு.

"ஓடுறது எத்தனை?"

"முப்பது!"

"மிச்ச எழுபது?"

"தூங்குது!"

"யார் தூங்க வச்சது?"

"கம்பெனிக்காரன்!"

"யார் எழுப்பணும்?"

"நாங்களே!"

முன்வரிசையில ஒருத்தர் கை சிவக்கச் சிவக்கத் தட்டினார். வாராவாரம் வருவார். எது சொன்னாலும் தட்டுவார். மைக் கொர்ருனு கத்தினாக்கூடத் தட்டுவார். எந்த வண்டிங்க உங்களுதுன்னு ஒரு நாள் கேட்டேன். அவருக்குக் காரே கிடையாது.

குதிரையை எழுப்புறது எப்படி? அதுக்குத்தான் விழிப்பு வளையம். வாய் பிளந்த ஒரு செப்பு வளையம். பெட்ரோல் குழாய் மேல மாட்டிட்டா, உள்ள போற பெட்ரோல் விழிச்சுக்கும், பெட்ரோல் விழிச்சா குதிரை விழிச்சுக்கும். ஒரு நிபந்தனை. மெக்கானிக் கை படவே கூடாது. பட்டா குதிரை திரும்பப் படுத்துக்கும். "உங்க வண்டி, உங்க கை!" அப்படீன்னார். எனக்குப் புரிஞ்ச வரைக்கும், மெக்கானிக் பார்த்தா சிரிச்சிடுவான், அதான் காரணம்.

சந்தேகப்படுறவங்களுக்குச் செய்முறை விளக்கமும் உண்டு. ஒரு காரைக் கூப்பிடுவார். "வளையம் மாட்டறதுக்கு முன்னால ஓட்டிப் பாருங்க. குடும்பத்தோட ஏறுங்க. ஏசி போட்டுக்கங்க, வெயிலா இருக்கில்ல?" வண்டி மைதானத்துச் சரிவுல முக்கி முனகி மேல ஏறும். மேல போனதும் வளையம். "எல்லாரும் இறங்குங்க. குதிரை முழிக்கிற நேரத்துல பாரம் கூடாது. ஏசியை அணைங்க. குளிர்ல முழிக்காது." இப்போ அதே வண்டி, ஒத்தை ஆளோட, ஏசி இல்லாம, அதே சரிவுல கீழ இறங்கும். அடடா, என்ன வேகம்! இறங்கினவர் கண்ணுல தண்ணி. கேக்குறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்லலாம்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

சரி, நீ எதுக்குய்யா அங்க போனேன்னு கேப்பீங்க. ஆசைப்பட்டுப் போகலை. பின்சீட்டுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க.

என் தங்கச்சி வீடும் என் வீடும் ஒரே மாடியில எதிரெதிர். நாலு பேரும் தினமும் ஒரே கார்லதான் கிளம்புவோம். முதல்ல தங்கச்சி மக பாப்பா, பள்ளிக்கூடத்துல. அப்புறம் தங்கச்சி, பிஸ்கட் பேக்டரியில. அப்புறம் நான், அச்சகத்துல. கடைசியா ஓட்டுறவர், அதாவது மாப்பிள்ளை, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல. எனக்கு அச்சகத்துல பிழை திருத்துற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தப்பு கண்டுபிடிச்சு, வீட்டுக்கு வந்தும் அந்தப் புத்தி போகாது. மாப்பிள்ளைக்கு விபத்தான வண்டிகளுக்கு இழப்பீடு கணக்குப் போடுற வேலை. நொறுங்கின கார் படங்களை நாள் பூராப் பார்க்கிறவர். நல்ல மனுஷன், பெண்டாட்டி பிள்ளை மேல உயிரா இருப்பார். படிச்சவர்தான். படிப்பு வேற, யோசனை வேறன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?

வளையம் வாங்கின அன்னைக்கே மாட்டிட்டார். கையில சமையலறைக் கத்தரிக்கோல், வாயில ரெண்டு ஹேர்பின், மடியில வீடியோ ஓடுற போன். பானெட்டுக்குள்ள தலையை விட்டவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளிய எடுத்தார். முகமெல்லாம் கறுப்பு. கையில ஒரு போல்ட்.

"இது எங்க இருந்து வந்துச்சு மாப்பிள்ளை?"

"தெரியலை மச்சான். கம்பெனிக்காரன் கூடுதலா ஒண்ணு போட்டிருப்பான்."

மறுநாள் காலையில கார்ல ஏறினோம். கிளப்பினார். கண்ணை மூடித் திறந்தார்.

"மச்சான், பாத்தீங்களா? பறக்குது!"

ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். கேரியர்ல பெரிய தண்ணி கேன் வேற. தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கிட்டா.

அடுத்த வாரம் இரண்டாம் நிலை. 'குதிரை மூச்சு விடணும்'னு சொல்லி, எஞ்சினுக்குப் போற காத்தை வடிகட்டுற ஃபில்டரையே மாப்பிள்ளை கழட்டிப் போட்டார். வண்டி 'கர்'ருனு ஒரு சத்தம் கொடுத்துச்சு. சத்தம் கூடினா வேகம் கூடிருச்சுன்னு அர்த்தமாம். அப்படிப் பார்த்தா எங்க மாடி மிக்ஸிதான் இந்த ஊர்லயே வேகமான வண்டி.

இது வரைக்கும் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டோம். மாப்பிள்ளை ஆசைப்பட்டு எதையோ நோண்டுறார், நோண்டட்டும். வண்டியைத் தானே கழட்டி மாட்டிப் பழகறது நல்ல விஷயம்தானே? வேகம் கூடலைன்னாலும் கை பழகும். ஆனா வேகம் ஏன் கூடலைன்னு மைதானத்துல நாலு பேர் முணுமுணுக்க ஆரம்பிச்சதும், குதிரைசக்தியார் மூணாம் நிலையை அவுத்து விட்டார்.

அதுக்குப் பேர் கடிவாளம் தளர்த்தல்.

"குதிரை முழிச்சிருச்சு. ஆனா ஓடலை. ஏன்? கடிவாளம் இறுக்கமா இருக்கு! உங்க பிரேக்தான் கடிவாளம். அது சக்கரத்தை உரசிக்கிட்டே இருக்கு. பின்சக்கரத்துல ஒரு திருகு இருக்கு, தளர்த்துங்க. கைப்பிரேக் கம்பியைத் தளர்த்துங்க. அப்புறம் பாருங்க!" அதுக்குன்னு ஒரு கடிவாளச் சாவியும் விற்பனைக்கு வந்துச்சு. சாதாரண ஸ்பானர். தங்கக் கலர் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க.

மாப்பிள்ளை அந்தச் சாவியோட வீட்டுக்கு வந்த அன்னைக்குத்தான் தங்கச்சி சிரிப்பை நிறுத்தினா. ராத்திரிச் சாப்பாட்டுல உக்கார்ந்திருந்தோம்.

"என்னங்க இது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தப் போறோம்."

"எந்த வண்டியோட பிரேக்கை?"

"நம்ம வண்டியோடதுதான். ரொம்ப இல்லம்மா, கொஞ்சம்தான்."

தங்கச்சி தட்டைத் தள்ளி வச்சா. "பாப்பா பள்ளிக்கூட வாசல் எப்படி இருக்கும்? செங்குத்தா இறங்குற ரோடு. காலையில எட்டரை மணிக்கு நூறு பிள்ளைங்க குறுக்க ஓடுது. அதுல நம்ம பிள்ளையும் ஒண்ணு. அங்க பிரேக்கைக் கொஞ்சம் பிடிப்பீங்களா, ரொம்பப் பிடிப்பீங்களா?"

"நீ எல்லாத்துக்கும் பயப்படறே. ஹெட்மாஸ்டரே தளர்த்தப் போறாராம், தெரியுமா?"

ஹெட்மாஸ்டர்ங்கிறது அந்தக் கூட்டத்தோட தலைமைச் சாட்சி. பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வாராவாரம் மேடையேறி, 'எனது வாகனம் காற்றைக் கிழிக்கிறது'ன்னு சொல்லுவார்.

"மாப்பிள்ளை, நீங்க தினம் பார்க்கிற படங்கள்ல இருக்கிறது எல்லாம் பிரேக் பிடிச்ச வண்டியா?"ன்னு கேட்டுட்டேன். அவருக்குக் கோபம் வந்துருச்சு. "நம்பிக்கை இல்லாதவங்க காதுல குதிரைச் சத்தம் விழாது மச்சான். அவரே சொல்லியிருக்கார்."

தங்கச்சி தள்ளி வச்ச தட்டைத் திரும்ப இழுத்துக்கிட்டா. அப்புறம் நிதானமா, "சரி, ஒரு ஒப்பந்தம். குதிரை முழிச்சிருக்கா இல்லையான்னு உங்க குருவையே எல்லார் முன்னாலயும் சொல்லச் சொல்றேன். அவர் சரியாச் சொல்லிட்டா, அந்தச் சாவியை வாங்கி நானே பிரேக்கைத் தளர்த்துறேன். தப்பாப் போச்சுன்னா, இந்த வண்டி பிரேக் மேல நீங்க கை வைக்கக் கூடாது. பாப்பா மேல சத்தியமா."

"சத்தியம்!" மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் வெளிச்சம். குரு தோத்துப் போவார்ங்கிற எண்ணமே அவருக்கு வரலை. எனக்கோ பயம் பிடிச்சுக்கிச்சு. அந்த ஆளு குருட்டாம்போக்குல சரியாச் சொல்லித் தொலைச்சா என் தங்கச்சி வாக்கு மாற மாட்டாளே!

இந்த யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னா, வேலையிலிருந்துதான். பிஸ்கட் பேக்டரியில ருசி பார்க்கிற அறைக்கு அவதான் பொறுப்பு. அங்க எந்தத் தட்டுலயும் பிஸ்கட் பேர் இருக்காது, வெறும் எண்தான் இருக்கும். ஏன்னு ஒரு தடவை கேட்டேன். "பேரைச் சொல்லிட்டா நாக்கு பொய் சொல்லும்ண்ணே. விலை உசந்ததுன்னு சொல்லி வெறும் ரொட்டியைக் கொடு, ஆகா ஓகோம்பாங்க"ன்னா. இந்த நாட்டுல எத்தனையோ மேடைக்கு அந்த அறையை அனுப்பி வைக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவ என்னைக் கீழ கூப்பிட்டா. முன்கண்ணாடி கழுவுற தண்ணியை வாராவாரம் ஊத்துறது அவதான், பேக்டரி ரோட்டுல அப்படி ஒரு மாவுத் தூசி. பானெட்டைத் திறந்து டப்பாவுல சோப்புத் தண்ணி ஊத்தினவ அப்படியே நின்னுட்டா.

"அண்ணே, இங்க பாரு. இந்த டப்பாவுலருந்து கிளம்புற குழாயைப் பிடிச்சுக்கிட்டே போ."

விரலால தடவிக்கிட்டே போனேன். டப்பா, கறுப்புக் குழாய், குழாய் மேல பளபளன்னு விழிப்பு வளையம், அப்புறம் நேரா கண்ணாடிக்கு. மாப்பிள்ளை வளையத்தை மாட்டினது பெட்ரோல் குழாய்ல இல்லை. கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற குழாய்ல! இத்தனை நாளாப் பறந்தது எது? சோப்புத் தண்ணி!

எனக்கு வயிறு வலிக்கிற அளவு சிரிப்பு. "உடனே போய் மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடறேன்"னு கிளம்பினேன். கையைப் பிடிச்சு நிறுத்தினா.

"சொன்னா என்ன ஆகும்? 'ஐயோ, இடம் மாறிப் போச்சே'ம்பார். பெட்ரோல் குழாய்ல மாத்தி மாட்டுவார். நாளைக்குக் காலையில 'இப்போ இன்னும் பறக்குது'ம்பார். இரு. இவர் ஒருத்தர்தான் இப்படி மாட்டியிருப்பார்னு நினைக்கிறியா?"

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. கூட்டம்னா கூட்டம். கார்களை எல்லாம் சரிவோட மேல் பக்கம், மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்தாங்க. கீழ சமதரையில குடும்பத்துக்காரங்க உக்கார பிளாஸ்டிக் நாற்காலி. பாப்பா ஒண்ணுல உக்கார்ந்து தண்ணி பாட்டிலை உருட்டிக்கிட்டிருந்தா. ஹெட்மாஸ்டர் மேடையேறி, ஆர்வம் தாங்காம நேத்தே வீட்டுல கடிவாளம் தளர்த்திட்டதா அறிவிச்சார். கைதட்டுறவர் எழுந்து நின்னு தட்டினார்.

"எல்லாரும் சாவியைக் கையில எடுங்க!"ன்னார் குதிரைசக்தியார். மாப்பிள்ளை எடுத்தார். அந்த நேரத்துல தங்கச்சி எழுந்தா.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா. பெண்களுக்குச் சந்தேகம் சகஜம்."

"முழிச்ச குதிரைக்கும் தூங்குற குதிரைக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியுமா?"

"பானெட்டுல காதை வச்சாப் போதும். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்!"

"அப்ப கட்டிடலாமா?"

கூட்டத்துக்கு ஒரே குஷி. குருவோட மகிமையைப் பார்க்க ஒரு வாய்ப்பு! 'கட்டுங்க, கட்டுங்க'ன்னு பக்தர்களே கத்துறாங்க. அவர் முகத்துல ஒரு நிமிஷம் ஈயாடலை. ஆனா மேடையில இருக்கிறவன் பின்வாங்க முடியுமா? சரின்னார். நாங்க தயார் பண்றதைப் பார்க்கக் கூடாதுன்னு, அவரையும், வளையம் விக்கிற அவர் கையாளையும் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பினோம். காவலுக்கு யார் போனது? கைதட்டுறவர்தான். பக்தரே காவல் இருந்தா யாரும் குறை சொல்ல முடியாதில்ல?

தங்கச்சி ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கிட்டா. "எல்லாரும் அவங்கவங்க வளையத்தை அவங்கவங்க கையாலயே கழட்டி இதுல போடுங்க"ன்னா. மாப்பிள்ளை முதல் ஆளா பானெட்டுக்குள்ள கையை விட்டார்.

"அது எந்தக் குழாய்ங்க?"

"பெட்ரோல் குழாய். வேற எது?"

"அப்படியா? பாப்பா, வண்டிக்குள்ள போய் கண்ணாடி கழுவுற பட்டனை அழுத்து. நீங்க அந்தக் குழாயோட நுனியை உருவிப் பிடிங்க."

பாப்பா கீழேயிருந்து ஓடிவந்து அழுத்தினா. சர்ருனு சோப்புத் தண்ணி மாப்பிள்ளை மூஞ்சியில. மூக்குல நுரை.

முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பு மெல்ல நின்னுச்சு. ஒவ்வொருத்தரா அவங்கவங்க பானெட்டுக்குள்ள எட்டிப் பார்த்தாங்க. இங்க ஒரு சர்ர். அங்க ஒரு சர்ர். "என்னுடையது நிச்சயமாக எரிபொருள் குழாய்தான்"னு சொல்லிக்கிட்டே பட்டனை அழுத்தச் சொன்ன ஹெட்மாஸ்டருக்குச் சட்டை பூரா நனைஞ்சு போச்சு. வரிசையில பாதிப் பேருக்கு மேல வளையத்தைத் தண்ணிக் குழாய்லதான் மாட்டியிருந்தாங்க. வெளிய ஈஸியாத் தெரியுற குழாய் அதுதானே! மிச்சப் பேர் சரியாத்தான் மாட்டியிருந்தாங்க. அவங்க வண்டியும் இவங்க வண்டி மாதிரியேதான் பறந்துச்சாம்.

"இடம் மாறினால் மாட்டியவர் தவறு. குருவின் தவறா?"ன்னு சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டார் ஹெட்மாஸ்டர். பார்த்தீங்களா? தங்கச்சி நேத்துச் சொன்ன அதே பேச்சு. படிச்ச மூளை சும்மா இருக்காதுங்க. முட்டாள்தனத்துக்கும் வக்கீல் வேலை பார்க்கும்.

"இருக்கட்டும் சார். கழட்டிப் போடுங்க, குருவே சொல்லட்டும்"னா தங்கச்சி. ஒரு வளையம் பாக்கி இல்லாம வாளிக்கு வந்துச்சு. பானெட்டை எல்லாம் மூடி, எஞ்சினை எல்லாம் ஓட விட்டாங்க. வாளி மேல ஒரு துணி.

கண்ணைக் கட்டிக் குருவைக் கூட்டிட்டு வந்தாங்க. "ஓட்டுறவங்க யாரும் உள்ள இருக்கக் கூடாது, குதிரைக்குக் கூச்சமா இருக்கும்"னு கையாள் கட்டளை போட்டான். பாப்பாவைத் திரும்ப நாற்காலிக்கு அனுப்பிட்டு, எல்லாரும் வெளிய நின்னோம். 'எல்லாம் தூங்குது'ன்னு ஒத்தை வார்த்தை சொன்னா ஆளு ஜெயிச்சிடுவான். தங்கச்சிக்கும் அது தெரியும். வாளிக் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்தா.

முதல் கார்ல காதை வச்சார். "ஆகா! முழிச்சிருச்சு!"

ரெண்டாவது கார். "அரைத் தூக்கம்."

மூணாவது. "முழிச்சிருச்சு!"

எங்க கார். "யப்பா! இது நாலு கால் பாய்ச்சல்! இந்த வண்டிக்காரர் உண்மையான சீடர்!"

சீடர் மூக்குல இன்னும் நுரை காயலை.

இப்படியே வரிசை முடிய, ஏழெட்டு முழிப்பு, நாலஞ்சு அரைத் தூக்கம். ஹெட்மாஸ்டர் கார்தான் கடைசி. "இதுதான் ராஜ குதிரை!"ன்னு கண் கட்டை அவிழ்த்தார். கீழ நாற்காலியில இருந்தவங்க எல்லாம் மேல ஏறி வந்து சுத்தி நின்னுட்டாங்க. பாப்பாவும் ஓடிவந்து அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டா.

தங்கச்சி துணியை எடுத்து, வாளியைச் சாய்ச்சா. அத்தனை வளையமும் கலகலன்னு தரையில கொட்டுச்சு.

"ஐயா, எந்தக் குதிரைக்கும் வளையம் இல்லை. நீங்க யாரை எழுப்பினீங்க?"

மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கிட்டு நின்னார். பார்க்கவே பாவமா இருந்துச்சு. மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கின மனுஷன் வேற எப்படி நிப்பார்?

ஆனா குதிரைசக்தியார் லேசுப்பட்ட ஆளா? மூச்சு வாங்கினார். கையை மேல தூக்கினார்.

"இதுதான் அற்புதம்! வளையமே இல்லாம முழிச்சிருக்கு! என் குரல் ஒண்ணே போதும்னு இன்னைக்கு நிரூபணம் ஆயிடுச்சு!"

நம்புவீங்களா? கூட்டம் திரும்புச்சு! தலைகள் ஆட ஆரம்பிச்சது. 'அதானே பார்த்தேன்'னு ஒருத்தர் முணுமுணுக்கிறார். அந்த உற்சாகத்துல அவர் ஹெட்மாஸ்டர் காரோட பானெட்டுல ரெண்டு கையாலயும் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "எழுந்திரு ராஜா!"

ராஜா எழுந்தான். கடிவாளம் தளர்ந்த வண்டி. கியர்ல இல்லை. உள்ள ஆள் இல்லை. மெதுவா ஒரு அசைவு, அப்புறம் பின்பக்கமா சரிவுல இறங்க ஆரம்பிச்சது. "பிடி, பிடி!"ன்னு ஹெட்மாஸ்டர் கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்குறார். வண்டி அவரையும் இழுத்துக்கிட்டுப் போகுது. மாப்பிள்ளை பாய்ஞ்சு அவரை இடுப்போட பிடிச்சு இழுத்தார். வண்டி நேரா நாற்காலிகள் மேல ஏறிச்சு. படபடன்னு ஒரு சத்தம். கேட் தூண்ல முட்டி நின்னுச்சு.

யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நாற்காலியெல்லாம் காலி. பாப்பாவோட தண்ணி பாட்டில் மட்டும் சக்கரத்துக்கு அடியில அப்பளமாக் கிடந்துச்சு.

அப்போ குதிரைசக்தியார் வாயிலிருந்து என்ன வந்துச்சு தெரியுமா? பழக்க தோஷம். "பாத்தீங்களா! தானா ஓடுது!"

ஒருத்தர் கை தட்டினார். யார்னு சொல்ல வேண்டியதில்லை. ஆனா இந்தத் தடவை அவர் கூட வேற யாரும் தட்டலை.

மாப்பிள்ளை கீழ போய் அந்த பாட்டிலைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து உருவி எடுத்தார். பாப்பா உக்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். அந்த பாட்டிலோடயே மேல ஏறி வந்தார்.

"ஐயா, வந்து உள்ள உக்காருங்க. அந்த வண்டியைத் திரும்ப மேல கொண்டுவந்து விடறோம். நீங்க உக்காருங்க, நான் தட்டுறேன்."

"எனக்கு... எனக்கு முதுகுவலி தம்பி."

"அப்ப உங்க கையாள் உக்காரட்டும்."

கையாள் அதுக்குள்ள கேட்டைத் தாண்டிட்டான். குருவும் மெல்ல நழுவி, மரத்தடியில நிறுத்தியிருந்த தன்னோட புத்தம் புதுக் கார்ல ஏறப் பார்த்தார். விடுவாங்களா? ஹெட்மாஸ்டரே முந்திப் போய் அந்த பானெட்டைத் திறந்தார். வளையமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காத்து ஃபில்டர் இருந்த இடத்துல இருக்கு. உள்ள கைப்பிரேக்கை இழுத்துப் பார்த்தா கல்லு மாதிரி இறுக்கமா இருக்கு.

"உங்க வண்டியில ஏன் ஒண்ணும் மாட்டலை?" கேட்டார் ஹெட்மாஸ்டர்.

குதிரைசக்தியார் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு உண்மை பேசினார்.

"புது வண்டிங்க. எதையாவது மாட்டினா வாரண்டி போயிடும்."

அப்புறம் நடந்ததை விவரமாச் சொல்ல வேணாம். அவரை அடிக்கலை, தங்கச்சி விடலை. "ஹெட்மாஸ்டர் வண்டி பிரேக்கை இறுக்கி, மத்த வண்டியில கழட்டின ஃபில்டரை எல்லாம் மாட்டிக் கொடுத்துட்டுப் போங்க"ன்னுதான் சொன்னா. அங்கதான் இன்னொரு விஷயம் வெளிய வந்துச்சு. அவருக்கு இறுக்கத் தெரியாது! எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியலை. கடைசியில மெக்கானிக்கை வரவழைச்சாங்க. அவர் கை பட்டுச்சு, எந்தக் குதிரையும் படுத்துக்கலை. குதிரைசக்தியார் அவருக்கு டார்ச் பிடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உக்கார்ந்திருந்தார். அப்புறம் போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. இப்போ வேற ஊர்ல மோட்டார் சைக்கிளுக்கு ஏதோ எண்ணெய் விக்கிறதாக் கேள்வி. நல்ல கூட்டமாம்.

மறுநாள் காலையில வழக்கம்போலக் கிளம்பினோம். பள்ளிக்கூடச் சரிவு வந்துச்சு. பிள்ளைங்க குறுக்க ஓடுது. மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்னுச்சு, வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே. பாப்பா இறங்கிக் கையாட்டிட்டு ஓடினா. அவ கேட்டுக்குள்ள போற வரைக்கும் பிரேக்கிலிருந்து காலையே எடுக்கலை மனுஷன். பின்னால நின்ன வண்டிக்காரங்க எல்லாம் ஹாரன் அடிக்கிறாங்க. அடிக்கட்டும்.

வண்டிக்கு வேகம் ஏத்தணும்னு ஆசையா? தாராளமா ஏத்துங்க. கழட்டுங்க, மாட்டுங்க, கத்துக்கங்க. நல்ல பொழுதுபோக்கு. ஆனா பிரேக்கைத் தளர்த்துங்கன்னு ஒருத்தன் மேடையில நின்னு சொன்னா, அவன் நீலச் சட்டை போட்டிருந்தாலும் சரி, காவிச் சட்டை போட்டிருந்தாலும் சரி, கையைத் தட்டுறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "ஐயா, முதல்ல உங்க பிள்ளையை இதுல உக்கார வைப்பீங்களா?"